முப்பத்தொன்றைக் கடந்த நாட்கள்

செவ்வாய்க் குடியிருப்பில் ஒரு மாதத்திற்கு ஐம்பத்தாறு நாட்கள். முப்பத்தொன்றைக் கடந்த தேதியைத் தலைப்பில் தாங்கிய மின்னஞ்சல்களைப் பூமியின் கணினிகள் ஏற்பதில்லை. ஆகவே அஞ்சல் ஊழியரான ஆரோக்கியநாதன், வெளிச்செல்லும் அத்தகைய மடல்கள் அனைத்திலும் தேதியை முப்பது என்று திருத்தி அனுப்பினார். தம் மனைவி ஸ்டெல்லாவுக்கு நாள்தோறும் எழுதியவற்றிலும் அவ்வாறே செய்தார்.

தூத்துக்குடியிலிருந்து அவள் கேட்டெழுதினாள்: "ஏங்க, முப்பதாந்தேதி மட்டும் இருபத்தாறு லெட்டர்! மாசக் கடைசியிலதான் பொண்டாட்டி ஞாபகம் வருமோ?"

அவர் தேதித் திருத்தத்தை விளக்கி, மடலின் உள்ளே உண்மையான நாளைக் குறித்தார்: "இதை நாற்பத்தோராம் தேதி எழுதுகிறேன்."

மறுமொழி வந்தது: "அப்படி ஒரு தேதி இங்க காலண்டர்லயே இல்லையேங்க. அன்னிக்கு நீங்க என்னை நெனச்சா, நான் எந்த நாள்ல உங்களை நெனைக்க?"