ராணுவத்திலேயே பத்திரமான இடம்

லான்யிங் ஏவுகணையைத் தட்டிப் பார்த்தாள்.

டொக் டொக் என்றது.

சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டாள். தடுத்திருக்க வேண்டும்தான். ஆனால் புருஷனைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருகிறவளை யார் தடுப்பது? அதுவும் எங்கள் எல்லோருக்குமாகப் பூண்டு ஊறுகாய் சுமந்து வந்தவளை.

தச்சன் மகள் வேறு. குனிந்து ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிட்டாள்.

"யோவ் தெங், இது வெறும் பலகை! எம்புருஷன் குண்டுக்குக் காவல் நிக்கிறார்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருக்கேன், நீ இங்க பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறியா?"

தெங் குவோஷான் எங்கள் பிரிவிலேயே மூத்தவர். அவர் குரல் கேட்டாலே நாங்கள் விறைப்பாக எழுந்து நிற்போம். காது மடல்வரை சிவந்து நின்றார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எதிரி நாட்டிடம் ஏவுகணைகள் ஆயிரக்கணக்கில். எங்களிடம் உள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவை எந்த மலைக்குள் இருக்கின்றன என்பது எங்களுக்கே தெரியாது. நாங்கள் மரத்தில் செய்கிறவர்கள். எதிரியின் செயற்கைக்கோள் தலைக்குமேல் வரும் நேரத்தில் மணியடிக்கும், வலையைப் போர்த்தி மூடுவோம். ஆனால் அவன் கண்ணில் படுவதற்கென்றே வால் பக்கம் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். வந்த புதிதில் நான் ஒழுங்காக மூடிவிட்டுத் தெங்கிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

லான்யிங் சிரித்து ஓய்ந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்ப எது வெடிக்குமோ, எப்பத் தந்தி வருமோன்னு இத்தனை வருஷமா நான் தூங்கினதே இல்ல, தெரியுமா? இங்க ஒரு பட்டாசுகூடக் கிடையாது! இதைவிடப் பத்திரமான எடம் ஏதுய்யா? நானும் நம்ம பொண்ணு மைமையும் இங்கயே வந்துடறோம். பிள்ளைக்கு உன் மூஞ்சியே மறந்துபோச்சு."

குடும்பத்தை அழைத்துக்கொள்ளத் தெங்குக்கு அந்த வருஷம்தான் அனுமதி கிடைத்திருந்தது. அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தார். மலையடிவாரத்தில் ஒதுக்கிய வீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம்வரை அவரே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மகளின் புகைப்படத்தைக் காட்டிக் காட்டி எங்களைச் சாகடித்த மனுஷன்.

"வேண்டாம்" என்றார். "நீ வந்தா எனக்குத் தொந்தரவு. ஊர்லயே இரு."

அவள் எங்களைப் பார்த்தாள். யாராவது ஒருவர் அவளுக்காகப் பேசுவோம் என்று நினைத்தாள். நாங்கள் பெயின்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாயைத் திறந்தால் ராணுவ நீதிமன்றம்தான்.

"இங்க வேற எவளாவது இருக்காளா?"

தெங் இல்லை என்று சொல்லவில்லை.

அவள் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மலையிறங்கினாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

அன்று காலையில்தான் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து எங்களைப் பாராட்டி, ஆளுக்கொரு டப்பா பீச் பழம் கொடுத்துவிட்டுப் போனார். பலகை என்ற சந்தேகமே எதிரிக்கு இல்லையாம், முழுசாக நம்பிவிட்டானாம்.

போர் மூண்டால் அவனுடைய முதல் குண்டு எங்கள் மலைமேல்தான் விழும்.