இன்னொரு கேள்வி

குரல் எழும்பவில்லை என்று இரண்டு வக்கீல் அலுவலகங்கள் எப்சிபாவைத் திருப்பி அனுப்பியிருந்தன. மூன்றாவது நேர்காணலில் சீனியர் துரைசிங்கம், ஒரு கற்பனைத் திருட்டு வழக்கில் தன்னையே சாட்சியாக்கிக்கொண்டார்.

"உங்க கட்சிக்காரன் பூட்டை உடைச்சதை எதிர் மாடியிலேருந்து நான் பார்த்தேன். என்னைக் குறுக்கு விசாரணை பண்ணும்மா, பார்க்கலாம்."

அவள் எழுந்து நின்றாள். அவருடைய தடித்த கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ கண்ணாடி போட்டிருந்தீங்களா ஐயா?"

"சத்தம் கேட்டுத் தூக்கத்துலேருந்து எழுந்து ஓடியாந்தேன். எங்கே போடுறது?"

"கண்ணாடி இல்லாம, இங்கே நிக்கிற என் முகம் தெரியுமா?"

"தெரியாது."

எப்சிபா உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவுதானா?" சீனியர் முன்னால் சாய்ந்தார். "அப்புறம் அவன்தான்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளும்மா."

அந்தக் கேள்வி அவள் தொண்டைவரை வந்திருந்தது.

"கேக்க மாட்டேன் ஐயா."

குரல் எப்போதும்போல மெல்லியதாகத்தான் வந்தது. சீனியர் பக்கத்தில் இருந்த ஜூனியர் நிர்மலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காலையிலேருந்து வந்தவங்க எல்லாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் கட்சிக்காரனை மாட்டிவிட்டாங்க. பதிலை முழுங்கிடுங்க சார்."

துரைசிங்கம் பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்தப் பதில் என்னவாக இருக்கும் என்று எப்சிபா அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.