பாக்கியசாமி யாரையும் ஏசியதில்லை

"ஹீ நெவர் பெரேட்டட் எனிவன்" என்ற வரிக்கு வந்ததும் நவோமிக்கு நாக்கு அப்படியே நின்றுவிட்டது.

பூசை முடிந்திருந்தது. அப்பா பாக்கியசாமியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தம்பி கிளிஃபர்ட் மெல்பர்னிலிருந்து எழுதி அனுப்பிய இரங்கல் உரையை வாசித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு விமானம் கிடைக்கவில்லையாம். எழுத மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது, மகராசனுக்கு.

அப்பா ஒருநாளும் யாரையும் 'பெரேட்' செய்ததில்லையாம்!

சும்மா ஏசுவதற்கெல்லாம் அந்தச் சொல் வராது. ஆளை நிற்கவைத்துக் கிழிகிழியென்று கிழித்தால்தான் அது.

அப்பா கிழித்தார். உப்புக் கூடினால் கிழித்தார், வேலைவிட்டுப் பிந்தி வந்தால் கிழித்தார், நாற்பத்தாறு வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று கிழித்தார். பக்கவாதத்தில் வாய் கோணிய பிறகும், கஞ்சி ஊட்டிய அவளைப் பார்த்துத் 'தண்டம்' என்று சொல்ல மட்டும் அந்த வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

கதவைத் தாண்டிவிட்டால் தங்கமான மனுஷன். வீட்டுக்குள் நடந்தது அவளுக்கும் அம்மா ரோசம்மாவுக்கும்தான் தெரியும். கிளிஃபர்ட் பதினேழு வயதிலேயே படிக்கப் போய்விட்டான்.

வாசித்தாள்.

முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நவோமிக்கு அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மரத்துப்போயிருந்தது.

சவ வண்டிக்குப் பின்னால் வெஸ்டர்ன் ரோடு கல்லறைக்குக் காரில் போகும்போது, அம்மாவிடம் அந்த வரியைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கேட்டுவிட்டு 'அடப்பாவி, பொய்யில்ல?' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மாதான்.

"அம்மா, அப்பா யாரையும் ஏசுனதே இல்லன்னு தம்பி எழுதியிருக்கான்."

ரோசம்மா கார் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. செபமாலையில் ஒரு மணி நகர்ந்தது.

"தெரியும்லா. நான்தான் அதப் போடச் சொன்னேன். அக்கா வாசிச்சாத்தான் சனங்க நம்பும், நீ வராதேன்னு அவன்கிட்ட சொன்னதும் நான்தான்."