ஆறாவது தட்டு

"தம்பி, நீ குடிவந்ததுலேர்ந்து கீழ என் நிம்மதியே போச்சு" என்றார் வீட்டுக்காரர் ஜெகபர் அலி.

மணிமாறன் டிஜிட்டல் பியானோவை விட்டு எழுந்தான். பாரிஸில் கைதட்டல் வாங்கியவன் திண்டுக்கல்லில் கைகட்டி நின்றான்.

"அஞ்சு நாள் பொறுங்க பாய். பெர்லின்ல கச்சேரி. ஒரு இடம் மட்டும் சறுக்குது. அங்கயும் சறுக்குனா அப்புறம் ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

"அதச் சொல்லத்தான் மாடியேறி வாரேன். மடமடன்னு எட்டுத் தட்டு தட்டுற பாரு, அதுல ஆறாவது செத்த லேட்டா விழுது. அம்புட்டுதான்."

மணிமாறன் உட்கார்ந்து, ஆறாவது கட்டைக்கு விரலை மாற்றி வாசித்துப் பார்த்தான். சறுக்கவில்லை. வியன்னாவில் அவனுடைய குரு இரண்டு மாதம் தேடியும் சிக்காத தப்பு அது.

"எப்படி பாய் கண்டுபிடிச்சீங்க?"

"முப்பது வருசமா பூட்டுப் பட்டறை வச்சிருக்கேன். லீவர் ஒழுங்கா விழுதான்னு காதாலதான பாக்குறோம்?"

"பாட்டு பிடிச்சிருந்துச்சா?"

"எந்தப் பாட்டு?"

மணிமாறனுக்குப் புல்லரித்தது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாமென்று இத்தனை நாளும் அவன் ஹெட்போன் மாட்டித்தான் வாசித்திருந்தான். கீழே கேட்டதெல்லாம் கட்டைகள் விழும் டொக் டொக் மட்டும்தான்.

ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து வாசித்தான்.

ஜெகபர் அலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ அப்பு, இதுல சத்தம் வேற வருமா!"