நாலாவது வசனம்

"பிந்தி வாறவையைப் பேசக் கூடாது. முதலாவதா அதை எழுதும்," என்றான் கிறிஸ்தோப்பர், தேநீரை உறிஞ்சியபடி.

றோஸ்மேரி பேனையை மேசையில் வைத்தாள். "ஏன் பேசக் கூடாது?"

"வீட்டில என்ன கஷ்டமோ, மெத்ரோ ரயில் நிண்டுதோ, ஆருக்குத் தெரியும்? தலைவி எண்டால் முதல்ல சிரிக்க வேணும். பேந்துதான் ஏனெண்டு கேக்க வேணும்."

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீடு. சனிக்கிழமை முற்பகல். மீன் வெட்ட வேண்டிய மேசையில் கணவனும் மனைவியும் தத்துவம் செய்துகொண்டிருந்தார்கள்.

காரணம் மதாம் ஜொசலின். லொங்குய்யில் றோஸ்மேரி வேலை செய்யும் பிஸ்கற் தொழிற்சாலையின் மனேஜர். பகல் வேலைக்குப் புது சூப்பர்வைசர் எடுக்கப்போகிறார்கள். "சான்றிதழ் ஒன்றும் வேண்டாம். உன்னுடைய தலைமைத்துவத் தத்துவம் என்னவென்று திங்கட்கிழமை வந்து நாலு வசனத்தில் சொல்," என்று மதாம் சொல்லிவிட்டாள். தத்துவம் எதுவும் இல்லாமலே இத்தனை வருடம் பிஸ்கற் அடுக்கிய றோஸ்மேரி பேனையும் தாளுமாக உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அந்த வேலை அவளுக்கு வேண்டும். ஓய்வு பெறப்போகும் சூப்பர்வைசர் கத்திய கத்தலில் எத்தனையோ நாள் கழிவறைக்குள் போய் அழுதிருக்கிறாள். இனி ஒருத்தியும் அங்கே அழக் கூடாது என்பது அவள் ஆசை.

அவளுக்கு ஆச்சரியம் கிறிஸ்தோப்பர்தான். எதையும் பகிடியாகவே எடுக்கிற மனிதன் இதில் மட்டும் இவ்வளவு அக்கறையாக வந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் அதே தொழிற்சாலைதான். மா மூட்டைப் பக்கத்தில் இரவு வேலை. இவள் உள்ளே போகும்போது அவன் வெளியே வருவான். லொங்குய் மெத்ரோ வாசலில் சாப்பாட்டுப் பெட்டி கை மாறும். வார நாட்களில் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான்.

"இரண்டாவது," என்றான். "வேலை நேரத்தில ஆரும் கொஞ்சம் கண் அயர்ந்தால் எல்லாருக்கும் முன்னால கத்தக் கூடாது. கிட்டப் போய் மெல்லத் தட்டி எழுப்ப வேணும்."

"பிரசங்கத்தில நீங்கள் நித்திரை கொள்ளேக்க நான் இடுப்பில கிள்ளி எழுப்புறனான். அப்பிடிச் செய்யலாமோ?"

"அதை எழுத வேண்டாம். மூண்டாவது, கோப்பி குடிக்கப் போறவையின்ர பின்னால மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு திரியக் கூடாது."

"இஞ்சருங்கோ, இது தலைமைத்துவமோ, சோம்பேறிச் சங்கத்தின்ர சட்டப் புத்தகமோ?"

"எழுதும் றோசு. மனிசரை மனிசராப் பாக்கிறது எண்டு சொன்னால் பிரெஞ்சுக்காரர் உருகிப் போவினம்."

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். பிறகு யோசித்து, நாலாவதைத் தானே எழுதி வாசித்தாள். "ஆகக் கஷ்டமான வேலையை, எனக்கு ஆகக் கிட்டின ஆளுக்குத்தான் முதல்ல குடுப்பன்."

கிறிஸ்தோப்பரின் தேநீர்க் கோப்பை வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. "அதேன்?"

"இப்ப இருக்கிற ஆள் தன்ர மச்சானைப் பெட்டி எண்ண விட்டிட்டு, எங்களைத் தட்டம் கழுவ விடுறான். நான் அதைத் தலைகீழாச் செய்யப்போறன்."

தட்டம் கழுவுவது லேசான காரியமில்லை. கருகிய சீனி ஒட்டிய இரும்புத் தட்டங்களை ஆவிக்குள் நின்று சுரண்ட வேண்டும். மாலையில் தோள்மூட்டு கழன்று போகும்.

"அதை வெட்டும். தத்துவம் எண்டால் அன்பு வேணும். இது பழிவாங்கிற மாதிரிக் கிடக்கு."

"வெட்ட மாட்டன்."

"மீனை நான் வெட்டுறன். நீர் அந்த வசனத்தை வெட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து மீன் கத்தியைத் தொடாத மனிதன். அதற்கும் அவள் மசியவில்லை. "மூண்டு உங்கட வாயால வந்தது. ஒண்டாவது என்ர வாயால வரட்டும்."

திங்கட்கிழமை தனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் நாலையும் சொன்னாள். முதல் மூன்றுக்கும் மதாம் ஜொசலின் புன்னகைத்தாள். நாலாவதற்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னொரு முறை சொல்," என்றாள்.

வேலை கிடைத்துவிட்டது. கிறிஸ்தோப்பர் துள்ளாத குறை. கேக் வாங்கி வந்து அவனே வெட்டி ஊட்டிவிட்டான்.

"அந்த நாலாவதையும் சொன்னனீரோ?"

"அதாலதான் வேலையே கிடைச்சது."

அதற்குப் பிறகு அவனுக்குக் கேக் இறங்கவில்லை. தன்னுடைய மூன்றும் எடுபடவில்லை என்று மனம் நொந்துவிட்டான் போலும் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சூப்பர்வைசராக முதல் நாள். ஞாயிறு இரவு அவனுக்கு ஓய்வு என்பதால் போர்வைக்குள் குறட்டை விட்டபடி கிடந்தான். எழுப்ப மனம் வராமல் தனியாகவே புறப்பட்டாள். பிஸ்கற் ஓடும் பெல்ற்றுக்கு முன்னால் எல்லோரும் தலையில் வலை போட்டு வரிசையாக நின்றார்கள். ஒரு இடம் மட்டும் காலி.

"இரவு வேலையிலிருந்து ஒருத்தர் இன்று உன்னிடம் வருகிறார்," என்றாள் மதாம். "பகல் வேலை வேண்டுமென்று மாதக்கணக்கில் என் கதவைத் தட்டிய ஆள். முதல் நாளே பிந்திவிட்டார்."

கதவு திறந்தது. கையில் கோப்பியும் வாயில் கொட்டாவியுமாக ஓடி வந்து அவள் முன்னால் நின்றான் கிறிஸ்தோப்பர்.

தத்துவப்படி றோஸ்மேரி முதலில் சிரித்தாள். பிறகு ஏனென்று கேட்டாள்.

"மெத்ரோ நிண்டிட்டுது," என்றவன் குரலைத் தாழ்த்தினான். "இனியெண்டாலும் ரெண்டு பேரும் ஒண்டா வந்து ஒண்டாப் போகலாம் எண்டுதான் கேட்டு வாங்கினனான், றோசு."

அவள் கண் நிறைந்துவிட்டது. இந்த உலகத்தில் தனக்கு இவனைவிடக் கிட்டின ஆள் வேறு யாரும் இல்லை என்பது அந்த நிமிடத்தில் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டம் கழுவும் அறையைக் கை நீட்டிக் காட்டினாள்.