கைக்குழந்தையோடு ஒரு படம்

நத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்த மலைச்சாமி, திண்டுக்கல்லில் ரஃபியாவின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து போனை நீட்டினார்.

"இந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் குடு தாயி. ரெண்டு கடையில முடியாதுன்னுட்டாக."

மருத்துவமனை ஒன்றின் இணையதளத்திலிருந்து இறக்கிய படம். ஓர் இளைஞன் கைக்குழந்தையை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தான். பிரசவத்தின்போது எடுத்தது போலும் என்று ரஃபியா நினைத்துக்கொண்டாள்.

"இது வெப்பி ஃபைலுங்கய்யா. நெட்டுல பாக்கத்தான் ஆகும், எங்க மெஷின் எடுக்காது. ஜேபெக்கா மாத்திட்டாச் சரியாயிரும். செத்த நேரம் உக்காருங்க."

மாற்றியதும் படம் கணினித் திரையில் தெளிவாக விரிந்தது.

"மகனும் பேரனுமாய்யா? முகம் பெருசாத் தெரியுற மாதிரி, கீழ வெட்டிரட்டுமா?"

"முகம் போனாலும் பரவால்ல தாயி. கையை மட்டும் வெட்டிறாத."

ரஃபியா புரியாமல் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தத் தம்பியை நான் நேர்ல பாத்ததே இல்ல. கரண்டு அடிச்சு ரெண்டு கையும் போச்சாம். போன வருஷம் என் மகன் வண்டியில அடிபட்டு, மூளைச்சாவுன்னு சொல்லிட்டாக. அவன் கையைத்தான் எடுத்து அந்தத் தம்பிக்கு வச்சாக."

ரஃபியா மறுபடி திரையைப் பார்த்தாள். இளைஞனின் முழங்கைக்குக் கீழே நிறம் சற்றே மாறியிருந்தது. அவள் அந்தக் கைகளைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

மலைச்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு அருகில் குனிந்தார்.

"எம்மகனுக்குக் கல்யாணமே ஆகல தாயி. புள்ளைய எம்புட்டுப் பதமாப் புடிச்சிருக்கான் பாரு."