ஏழு மணி மீட்டிங்

"அந்தச் 'சூறாவளி' இருக்கே, நட்டநடு சண்டையில செலையாட்டம் நின்னுடுதுடி. கேட்டா, லேக் ஆகுதாம்! இன்னிக்கு ஃபைனல். இன்னிக்கும் நின்னுச்சுன்னா டீமை விட்டே தூக்கிடலாம்."

மாலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் முன்னால் நின்ற பள்ளிச் சீருடைப் பெண், பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னாள்.

"ஏதாவது வயசான பார்ட்டியா இருக்கும்டி. குரலே அப்படித்தான் கரகரங்குது."

பின்னால் டையும் தோளில் லேப்டாப் பையுமாக நின்ற மேனேஜருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தில் நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவர். ஆன்லைன் விளையாட்டில் அவர்தான் சூறாவளி. இருமினால்கூடக் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, தன் மாடி வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் ஏழிலிருந்து ஒன்பது வரை அவருக்கு 'வெளிநாட்டு மீட்டிங்'. அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மிக்ஸி ஓடக் கூடாது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு ஆன்லைன் வகுப்பும் அதே நேரத்தில்தான். அதுவும் கூடாது, நெட்டை இழுத்துவிடுமாம். அவள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, முதல் நாள் நடந்து முடிந்த வகுப்பின் பதிவைக் கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் கேட்கத்தான் ஆள் இல்லை.

மூடிய கதவுக்குள்ளிருந்து, "தனியா முன்னால போகாதே! சப்போர்ட் குடு, சப்போர்ட் குடு!" என்று சத்தம் வரும்.

"கூட வேலை செய்யறவங்களை எப்படி அரவணைச்சுப் போறார் பாரு" என்று மனைவி உருகிப்போவாள்.

ஆறு மணிக்கு இன்டர்நெட் கம்பெனியிலிருந்து தொழில்நுட்பப் பெண் வந்துவிட்டாள்.

"என்ன சார் பிரச்சினை?"

"மீட்டிங்கும்மா. முக்கியமான கட்டத்துல அப்படியே நின்னுடுது. இன்னிக்கு ஏழு மணிக்கு ரொம்ப முக்கியமான மீட்டிங். கோட்டை விட்டா என்னைக் குழுவுலேருந்தே நீக்கிடுவாங்க."

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அதுக்காகப் பொண்ணோட ஏழு மணி வகுப்பைக்கூட நிறுத்தியிருக்கோம்" என்றாள், கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகளைக் காட்டி.

வந்தவள் வீட்டைச் சுற்றினாள். ரூட்டர், கூடத்தில் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தூசி படிந்து கிடந்தது.

"இதை யார் சார் இங்க கொண்டுபோய்ச் சொருகினது? இரும்பைத் தாண்டி சிக்னல் எப்படி வரும்?"

அவரேதான். வேறு யாரும் தொட்டுவிடக் கூடாதென்று போன மாதம் சொருகியிருந்தார். "வீட்ல இருக்கறவங்களுக்குப் பொறுப்பு போதாதும்மா" என்றார்.

அவள் ரூட்டரை வெளியே எடுத்து, அலமாரி மேல் வைத்து, வயரை மாற்றினாள். பத்தே நிமிடம்.

"பாருங்க, இனிமே பறக்கும்! மீட்டிங்கும் பாப்பாவோட வகுப்பும் சேர்ந்து ஓடினாக்கூட நிக்காது."

மேனேஜருக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மணி ஆறரைதான்.

சோதிக்கத் திறந்திருந்த தன் லேப்டாப்பை மூடப்போனவள், நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லணும் சார். ஒரு மாசமா தினமும் ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் இந்த லைன்ல கேம் ஓடியிருக்கு. யார் ஆடறது?"

மனைவியின் பார்வை நேரே மகள் மேல் பாய்ந்தது.

மேனேஜர் முந்திக்கொண்டார். "படிக்கிற பொண்ணு பண்ற காரியமா இது? அப்பன் அங்க வேலை போயிடுமோன்னு தவிக்கிறேன். நீ இங்க கேம் ஆடறியா? வெட்கமா இல்லை?"

மகள் அப்பாவையே பார்த்தாள்.

"திட்டாதீங்க சார். எந்தக் கம்ப்யூட்டர்லேருந்து ஆடினாங்கன்னு ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம்" என்று மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள் வந்தவள்.

மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"பார்க்க வேண்டாங்க்கா" என்றாள் மகள். "நான்தான்."

"அடிப்பாவி!" என்றாள் அம்மா.

மேனேஜர் போன உயிர் திரும்பி வந்தவராக நாற்காலியில் சாய்ந்தார். "சரி விடு, சின்னப் பொண்ணு. தப்பை ஒத்துக்கிட்டா. நான் மன்னிச்சுட்டேன்."

"இல்லைப்பா, எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்லை" என்றாள் மகள் பணிவாக. "அக்கா, இந்த வீட்டு லைன்ல எந்தக் கேமும் திறக்காதபடி அடைச்சிடுங்க. பாஸ்வேர்டை அம்மாகிட்ட மட்டும் குடுங்க. யார் கெஞ்சினாலும் அம்மா தர மாட்டாங்க."

"மொத்தமாவா?"

"அப்பா மீட்டிங் நின்னுடக் கூடாது பாருங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா..." என்று எழுந்தார் மேனேஜர்.

"நீங்க சும்மா இருங்க! செல்லம் குடுத்துக் குடுத்தே கெடுத்துட்டீங்க" என்று மனைவி அவரை உட்கார வைத்தாள். "நீ அடைச்சு விடும்மா."

அடைத்தாயிற்று. ஏழடிக்க ஐந்து நிமிடம்.

"சார், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொன்னீங்கன்னா, பிரச்சினை தீர்ந்ததுன்னு புகாரை முடிச்சுட்டுக் கிளம்பிடுவேன்."

மேனேஜர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பருக்குக் கீழேயே இன்னொரு செய்தியும் வந்திருந்தது: "சூறாவளி, எங்கே இருக்கே?"

"சொல்லுங்களேன், மீட்டிங்குக்கு நேரமாகலையா?" என்றாள் மனைவி.

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

தொழில்நுட்பப் பெண் கிளம்பிப் போனாள். மகள் கூடத்து மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வகுப்பில் சேர்ந்துகொண்டாள். மனைவி மிக்ஸியின் வயரைப் பிடுங்கி வைத்தாள்.

ஏழு மணி அடித்ததும் மேனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அணைந்து கிடந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, வெளியே கேட்கும்படி உரக்க, "குட் ஈவினிங், ஜென்டில்மென்!" என்றார்.